தாவரங்களைத் தாங்கும் இழையங்கள்
(இரணைமடுச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்ட ஓர் ஆராய்வு)

விலங்குகளுட் பெரியவை என்பினாலும், சிறியவை பல புறவோட்டினாலும் தம் உடலைத் தாங்கிக்கொள்கின்றன. தாவரத்துக்கு என்பும் இல்லை, ஓடும் இல்லை. ஆயினும் நூறடி உயர்ந்த பனையொன்று, தலையிற் பாரமான ஓலைக் கூட்டத்தைச் சுமந்துகொண்டு, சோளகத்தையும் வாடையையும் பல தலைமுறையாக எதிர்த்து நிற்கின்றது. விரலினும் மெல்லிய நெற்றாள் தன்னிலும் பாரமான கதிரைத் தலையில் ஏந்தி நிற்கின்றது. இவை எவ்வாறு நிற்கின்றன? நிற்கமாட்டாது சாயும்போது ஏன் சாய்கின்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு இது பாடம். பழைய மாணவர்க்கோ நினைவூட்டல். ‘கொலங்கைமா’ என்றும் ‘இசுக்கிளிரங்கைமா’ என்றும் அவர்கள் அக்காலத்தில் மனனஞ் செய்தவற்றையே இன்றைய மாணாக்கர் ஒட்டுக்கலவிழையம், வல்லுருக்கலவிழையம் எனத் தாய்மொழியிற் கற்கின்றனர். பெயர் மாறினும் பொருள் ஒன்றே.

எடுத்துக்காட்டுகளுக்காக நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கனகராயன் ஆற்றை மறித்து, 1902ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நின்று நோக்கினால், தாவரம் தன்னைத் தாங்கிக்கொள்ளும் வழிகள் அனைத்தையும் ஒரே பார்வையிற் காணலாம். குளத்தின் நீர்ப்பரப்பில் ஆம்பலும் தாமரையும் மிதக்கின்றன. அணைக்குக் கீழே இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களில் நெல் விளைகின்றது. ஆற்றோரத்தில் மருதும், காட்டில் பாலையும் வீரையும் முதிரையும், மேட்டு நிலத்திற் பனையும் தென்னையும் நிற்கின்றன. ‘இரணை’ என்பது இரட்டையைக் குறிக்கும் சொல். ஈண்டு நாம் காணவிருக்கும் மரங்களும் அமைப்பால் இரண்டு வகையினவே என்பது பின்னர்ப் புலனாகும்.

நீரினால் வரும் நிமிர்வு

தாங்குதல் என்றவுடன் வைரமேறிய மரமே நினைவுக்கு வரும். ஆனால் தாவரத்தின் முதலாவது தாங்கி நீரேயாகும். இளங் கலமொன்றின் நடுவே புன்வெற்றிடம் உண்டு. அதனுட் கரைசல் நிறைந்திருக்கும். பிரசாரணத்தால் நீர் உட்புக, கலத்தின் உள்ளுரு விரிந்து கலச்சுவரை வெளிநோக்கித் தள்ளுகின்றது. இதுவே வீக்கவமுக்கம். காற்றடைத்த சைக்கிள் வளையம் எவ்வாறு விறைத்து நிற்கின்றதோ, அவ்வாறே வீக்கமுற்ற புடைக்கலவிழையமும் விறைத்து நிற்கும். அதனைச் சுற்றி இறுக்கமான மேற்றோல் போர்த்தியிருப்பதால் விறைப்பு மேலும் மிகும்.

முளைத்து மூன்று நாளான பயற்றஞ் செடிக்கும், இளங் கத்தரிக்கும் இந்நீர்த்தாங்கலே பெரும்பாலும் துணை. நண்பகல் வெயிலில் வேர் தரும் நீரினும் இலை இழக்கும் நீர் மிகும்போது கலங்கள் தளர்கின்றன, செடி துவள்கின்றது. மாலையில் நீர் பாய்ச்சினால் மீண்டும் நிமிர்கின்றது. துவண்ட செடியின் கலச்சுவர் உடையவில்லை. உள்ளிருந்து தள்ளிய அமுக்கமே குறைந்தது. ஆனால் நீரை மட்டும் நம்பிய உடல் உயர வளர இயலாது. வறட்சி வந்தபொழுதே தலை சாய்ந்துவிடும்.

குளத்து ஆம்பலின் வழி வேறு. அதன் நீண்ட காம்பைக் குறுக்கே வெட்டினால் பெரிய காற்றறைகள் காணப்படும். தாங்கும் இழையம் அதில் மிகக் குறைவு. காற்றறைகளுட் கிளைத்து நிற்கும் விண்மீன் போன்ற சில வன்கலங்களே உண்டு. காம்பைத் தாங்கும் வேலையைக் குளத்து நீரின் மேலுதைப்புச் செய்துவிடுகின்றது. அதே காம்பைக் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் கயிறுபோற் சரிந்துவிடும். நீரைவிட்டு நிலத்துக்கு ஏறிய தாவரம் எந்தச் சிக்கலை எதிர்ப்பட்டதென்பதை இச்சிறு காட்சியே உணர்த்தும். ஏறக்குறைய நாற்பது கோடி ஆண்டுகட்கு முன்னரே நிலத்தாவரங்கள் அச்சிக்கலுக்கு விடை கண்டுவிட்டன. கலச்சுவரைத் தடிப்பாக்குவதும், அதில் இலிக்னின் என்னும் வன்பொருளைப் படிவிப்பதுமே அவ்விடை.

ஒட்டுக்கலவிழையம்

வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்புக்குத் தாங்கி வேண்டும். ஆனால் அத்தாங்கி வளர்ச்சியைத் தடுத்தலாகாது. சாந்து பூசி இறுகிய சுவர் நீளாது. அதுபோல இலிக்னின் படிந்த கலமும் நீளாது. ஆகவே இளந் தண்டிலும் இலைக்காம்பிலும் நீளவும் வல்ல, தாங்கவும் வல்ல ஓர் இழையம் தேவையாகின்றது. அதுவே ஒட்டுக்கலவிழையம்.

இதன் கலங்கள் உயிருள்ளவை, நீண்டவை. சுவர் செலுலோசினாலும் பெத்தினாலும் ஆனது. இலிக்னின் பொதுவாக இல்லை. சுவரின் தடிப்பு எங்கும் ஒரேயளவாக இராது. கலங்கள் சந்திக்கும் மூலைகளிலே தடிப்பு மிகுந்திருப்பதே பெரும்பான்மை வழக்கு. பெத்தின் நீரை நிறையப் பற்றியிருப்பதால், பச்சைத் தண்டின் மெல்லிய வெட்டுமுகத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கும்போது இம்மூலைகள் முத்துப்போல் ஒளிரும்.

இவ்விழையம் இருக்குமிடமும் கருதத்தக்கது. இருவித்திலைத் தாவரங்களின் தண்டில் மேற்றோலுக்கு அடுத்து உள்ளே, ஒரு வளையமாகவோ விளிம்புகளில் வரிவரியாகவோ இது அமைகின்றது. வீட்டு முற்றத்துத் துளசியின் தண்டு நாற்கோணமுடையது; அந்நான்கு கோணங்களிலும் இவ்விழையம் தூண்போல் நிற்கின்றது. தும்பைக்கும் அவ்வாறே. பூசணிக்கொடியின் தண்டிலுள்ள வரம்புகளின் கீழும் இதனைக் காணலாம். ஒருவித்திலைத் தாவரங்களின் தண்டில் இது பொதுவாக இல்லை; வேரிலும் அரிது.

இலையின் நடுநரம்பின் கீழ்ப்புறத்தில் இது திரண்டிருப்பதால், பூவரசின் அகன்ற இலை காற்றில் மடிந்தும் கிழியாது மீள்கின்றது. வளைந்து கொடுத்தல், நீளுதல், அறாதிருத்தல் ஆகிய மூன்றுமே ஒட்டுக்கலவிழையத்தின் தொழில் எனச் சுருங்கக் கூறலாம்.

வல்லுருக்கலவிழையம்

உறுப்பு நீண்டு முடிந்தபின் தாங்கும் பொறுப்பு வல்லுருக்கலவிழையத்தைச் சாரும். இதன் கலங்களிற் பெரும்பாலானவை முதிர்ந்தபின் உயிரற்றவை. கலம் உயிரோடிருக்கும்போதே தன் சுவரின் உட்புறத்தில் இரண்டாம் சுவரொன்றைப் படைபடையாக இட்டு, அதில் இலிக்னினைப் படிவித்து, இறுதியில் முதலுருவை இழந்து வெறுங்கூடாகின்றது. தான் இறந்த பின்னரே இக்கலம் தன் முழுத் தொழிலையும் செய்கின்றது என்பது வியக்கத்தக்கது.

செலுலோசின் நுண்ணார்கள் இழுவையைத் தாங்க வல்லவை. இலிக்னின் அந்நார்களை இறுக்கிப் பிணித்து, அமுக்கத்தைத் தாங்கச் செய்கின்றது. கட்டடத்துக்கு இரும்புக் கம்பியும் கொங்கிறீற்றும் எவ்வாறோ, கலச்சுவருக்குச் செலுலோசும் இலிக்னினும் அவ்வாறே என்க. 1838ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்து அன்செல்ம் பாயென் என்பார் மரத்திலிருந்து செலுலோசைப் பிரித்தறிந்தார்.

வல்லுருக்கலவிழையத்தில் இரு வகைக் கலங்கள் உள. முதலாவது நார், நீண்டு, இருமுனையும் கூர்ந்து, ஒன்றன் முனை மற்றொன்றின் பக்கத்தே செருகி நிற்கும். பசளைக்காக விதைக்கும் சணலின் பட்டையை நீரில் ஊறவிட்டு உரித்தால் வருவது இந்நார்க்கட்டே. மரலின் இலையிலிருந்து கயிறு திரித்ததும், தேங்காய் மட்டையிலிருந்து தும்பு அடிப்பதும், பனை மட்டையின் அடியிலிருந்து தும்பு எடுப்பதும் இந்நாரின் வன்மையை நம்பியேயாம். அவித்த பனங்கிழங்கைப் பிளந்து நாம் உரித்து எறியும் தும்பும் இவ்வினத்ததே.

இரண்டாவது வகை கல்போன்ற குறுங்கலம். இதன் சுவர் மிகத் தடித்து, உள்ளிடம் ஒரு புள்ளியளவாகச் சுருங்கியிருக்கும். சுவரை ஊடறுத்து நுண்ணிய குழிக் கால்வாய்கள் செல்லும். கொய்யாப்பழத்தை மெல்லும்போது பல்லில் நறநறப்பவை இக்கலங்களின் திரள்களே. தேங்காய்ச் சிரட்டை முழுவதும் இக்கலங்கள் நெருங்கிச் செறிந்ததனால் ஆயது. நார் இழுவைக்கும் வளைவுக்கும் எதிர்நிற்க, கல்கலம் நசிவுக்கும் குத்துக்கும் எதிர்நிற்கின்றது. ஒரே தேங்காயில் மட்டை நாராலும் சிரட்டை கல்கலத்தாலும் அமைந்து, விழுகையின் அதிர்ச்சியை முன்னது உள்வாங்கவும், உள்ளிருக்கும் முளையைப் பின்னது காக்கவும் செய்யும் பொருத்தத்தை மாணாக்கர் சிந்தித்தல் வேண்டும்.

காழ்

காழின் முதன்மைத் தொழில் நீரைக் கடத்துதல் என்றே பலரும் கொள்வர். ஆனால் மரத்தின் உடல் என நாம் கூறுவது பெரும்பாலும் காழே. காழ்க்கலன்களும் குழற்போலிகளும் நீரை மேலேற்றுகின்றன. நீர் மேலே இழுக்கப்படும்போது குழாயின் உள்ளே ஏற்படும் இழுவையாற் சுவர் உள்நோக்கிச் சப்பிப் போகாதிருக்கவே அச்சுவரில் வளையமாகவும் சுருளாகவும் வலையாகவும் இலிக்னின் படிகின்றது. இவற்றிடையே காழ் நார்கள் செறிந்து நின்று உடலைத் தாங்குகின்றன.

இருவித்திலை மரத்தில் மாறிழையம் என்னும் மெல்லிய வளையம் ஆண்டுதோறும் உள்ளே காழையும் வெளியே உரியத்தையும் பிறப்பிக்கின்றது. உள்ளே பழைய காழ் நீர் கடத்துவதை விட்டுவிடுகின்றது, அதன் கலன்களிற் பிசினும் தனினும் வேறு நிறப்பொருள்களும் நிறைகின்றன, உயிர்க்கலங்கள் இறக்கின்றன. இவ்வாறு ஆவதே வன்வைரம். அதனைச் சூழ்ந்து, நீர் கடத்தும் வெளிர்நிறப் பகுதி மென்வைரம். கருங்காலியின் கருமையும் முதிரையின் பொன்மஞ்சளும் இவ்வாறு விளைந்தவை. பாலையின் வன்வைரம் நீரில் இட்டால் அமிழ்ந்துபோகும் அளவு செறிந்தது.

எங்கே எதனை வைப்பது?

தாங்கும் இழையத்தின் அளவினும் அதன் அமைவிடமே பெரிது. இவ்வுண்மையை முதன்முதல் விரிவாக விளக்கியவர் சுவிற்சர்லாந்து நாட்டுத் தாவரவியலறிஞர் சிமோன் சுவெண்டனர். ஒருவித்திலைத் தாவரங்களின் உடலமைப்பிற் பொறிமுறைத் தத்துவம் தொழிற்படும் வகை பற்றி 1874ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், பாலம் கட்டும் பொறியியலாளரின் கணிதத்தைப் புல்லின் தாளுக்குப் பொருத்திக் காட்டிற்று.

தண்டொன்று காற்றில் வளையும்போது ஒருபக்கம் இழுபடுகின்றது, எதிர்ப்பக்கம் அமுங்குகின்றது, நடுவிலோ இரண்டும் இல்லை. ஆதலால் நடுவில் வைத்த வன்பொருள் பெரும்பாலும் வீண். விளிம்பில் வைத்ததே பயன்தரும். ஒரு கணக்கினால் இதனைத் தெளியலாம். ஆரை 1 அலகான திண்ணிய கோலொன்றை எடுப்போம். அதேயளவு பொருளைக் கொண்டு வெளியாரை 2 அலகான குழாயொன்று செய்தால், அதன் உள்ளாரை 3இன் வர்க்கமூலமாகும். வளைவை எதிர்க்கும் விறைப்பு, வெளியாரையின் நான்காம் அடுக்கிலிருந்து உள்ளாரையின் நான்காம் அடுக்கைக் கழித்த அளவைப் பொறுத்தது. குழாய்க்கு அது 16இலிருந்து 9ஐக் கழிக்க 7. திண்ணிய கோலுக்கு 1. பொருள் ஒருசிறிதும் கூடாமலே குழாய் ஏழு மடங்கு விறைப்பாயிற்று. ஒடியாது தாங்கக்கூடிய வளைவுத் திருப்பமோ மூன்றரை மடங்காகும். ஆயினும் சுவர் அளவுக்கு மீறி மெலிந்தால் குழாய் சப்பி மடியும். அதனைத் தடுக்கவே மூங்கிலும் நெல்லும் இடையிடையே கணுக்களைத் திண்மையாக அமைத்துள்ளன.

வேரின் நிலை வேறு. அதனைக் காற்று வளைப்பதில்லை. மேலே மரம் அசையும்போது அது இழுக்கவே படுகின்றது. இழுவையை எதிர்க்கும் வடத்துக்கு வன்பொருள் நடுவிலே ஒன்றாகத் திரண்டிருத்தல் நன்று. அவ்வாறே வேரிற் காழ் மையத்திலே திரண்டுள்ளது. ஒரே தாவரத்தின் இரு உறுப்புக்களில் ஒரே இழையம் இரு வேறிடங்களில் அமைந்ததன் காரணம் இதுவே. பரீட்சையிற் படம் வரைந்து பெயர் குறிக்கும் மாணாக்கர் பலர், ஏன் என்னும் இவ்வினாவைக் கேளாது விட்டுவிடுகின்றனர்.

நெல் ஏன் சாய்கின்றது?

காலபோகத்து நெல் தை, மாசியில் முற்றி நிற்கும்போது பிந்திய மழையொன்று காற்றோடு பெய்தால், ஒரே இரவிற் பயிர் பாய்விரித்தாற்போற் படுத்துவிடும். சாய்ந்த கதிர் நீரில் முளைக்கும்; அறுவடை இயந்திரம் அதனை எடுக்கமாட்டாது; எடுத்தாலும் மணி உதிரும். ஆண்டு முழுதும் பட்ட பாடு அவ்வோரிரவிற் சேற்றோடு போவதை இரணைமடு வாய்க்கால்களின் கீழ்ப் பயிர் செய்வோர் நன்கறிவர். இழையவியலுக்கும் உழவருக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்கு இதுவே விடை.

நெற்றாளின் கணுவிடை உட்குழிவானது. மேற்றோலுக்கு அடுத்து உள்ளே வல்லுருக்கலவிழையம் வளையமாகச் சூழ்கின்றது. சிறிய கலன்கட்டுகள் அவ்வளையத்தையொட்டி அமைய, பெரியவை அதற்கு உள்ளே அமைகின்றன. இவ்வளையத்தை இலைமடல் வெளியே இறுகச் சுற்றி மேலும் வலுவூட்டுகின்றது. மேற்றோற் கலங்களிற் சிலிக்கா படிகின்றது. நெல்லுமியை எரித்தால் எஞ்சும் சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவே. முன்னோர் உமிக்கரியாற் பல் துலக்கியபோது அதன் கரகரப்பை உணர்ந்திருப்பர்.

இவ்வளவு சிறந்த தாள் சாய்வதற்குக் காரணங்கள் சில உள. கதிரின் பாரம் தாளின் அடியில் உண்டாக்கும் வளைவுத் திருப்பம், பாரத்தோடு உயரத்தையும் பெருக்கிவருவது. மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் உயர்ந்தவை. யூரியாவை மிகுதியாக இட்டால் அவை மேலும் நெட்டையாகும். மிகையான நைதரசனாற் கீழ்க் கணுவிடைகள் விரைந்து நீள்கின்றன. ஆனால் அவற்றின் சுவர் தடிப்பதற்கும் இலிக்னின் படிவதற்கும் வேண்டிய பொருள் இலை வளர்ச்சிக்குச் செலவாகிவிடுகின்றது. நெருக்கி விதைத்த வயலில் அடிப்பகுதிக்கு ஒளி எட்டாமையால் அக்கேடு இன்னும் மிகும். பொற்றாசியக் குறைவும் தாளை நலிவிக்கும்.

1966ஆம் ஆண்டிற் பிலிப்பைன்சிலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘ஐ.ஆர். 8’ என்னும் குட்டையினம் இச்சிக்கலை உயரத்தைக் குறைப்பதனால் தீர்த்தது. அக்குட்டைத் தன்மை, தண்டை நீளச் செய்யும் கிபரெலின் என்னும் வளர்ச்சிப் பொருளை ஆக்கும் பரம்பரையலகொன்றின் குறையால் வந்ததென்பது 2002ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இலங்கையிலும் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தார் குட்டையான, சாயாத இனங்களைப் படைத்துத் தந்தனர். ஆயினும் குட்டையினமும் மிகை யூரியாவுக்கு ஆற்றாது. வேண்டிய உரத்தை ஒரேயடியாக இடாது பகுத்திடல், பொற்றாசியத்தை மறவாதிருத்தல், அளவாக விதைத்தல், பொற்றாசியமும் சிலிக்காவும் நிறைந்த வைக்கோலை வயலுக்கே மீட்டல் என்பன தாளின் சுவரை வலுப்படுத்தும் வழிகள். உரப்பையின் எடை மிகுந்தால் விளைச்சலும் மிகும் என்னும் எண்ணம் ஒரெல்லை வரையே மெய். அவ்வெல்லையைத் தாண்டியபின் மிகுவது வைக்கோலும் சாய்வுமேயாம்.

புறக்காழும் அகக்காழும்

தமிழ் இலக்கணத்தின் முதனூலாகிய தொல்காப்பியம் மரபியலில் ஓரறிவுயிர்களை இருவகைப்படுத்துகின்றது. வன்மை புறத்தே அமைந்தனவற்றைப் புல் என்றும், அகத்தே அமைந்தனவற்றை மரம் என்றும் அது வழங்குகின்றது. அப்பாகுபாட்டின்படி பனையும் தென்னையும் புல். பாலையும் முதிரையும் மரம். நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் வெட்டுமுகத்தைக் கண்ணாற் கண்டு வகுத்த இப்பாகுபாடு, இன்றைய தாவரவியலார் ஒருவித்திலை, இருவித்திலை எனத் தண்டின் அமைப்பால் வேறுபடுத்துவதோடு பெரிதும் ஒத்துவருகின்றது. பனையும் நெல்லும் ஒரே பிரிவைச் சார்ந்தவை என்பது அறிவியலுக்கும் உடன்பாடே. அந்நூல் வன்மைக்கு வழங்கிய காழ் என்னும் சொல்லையே நம் பாடநூல்கள் சைலத்துக்குப் பெயராக ஏற்றன.

பனையின் குறுக்குவெட்டில் நாரால் மூடப்பெற்ற கலன்கட்டுகள் எண்ணிறந்தன சிதறியுள்ளன. வெளிப்புறத்தில் அவை நெருங்கிக் கருமையான வைரமாகின்றன. நடுவில் ஐதாகி மென்மையான சோறாகின்றன. பனையைப் பிளந்து சிலாகையும் வளையும் எடுக்கும் தச்சர் நடுச்சோற்றைக் களைந்துவிடுவது இதனாலேயே. பனையில் மாறிழையம் இல்லை. ஆகவே அது ஆண்டுதோறும் பருப்பதில்லை. நிலத்தின் கீழ்ப் பல ஆண்டு தங்கித் தன் முழுப் பருமனைத் தேடிக்கொண்ட பின்னரே உயர்கின்றது. அவ்வாறாயின் உயர உயர மிகும் பாரத்தை அதே பருமனான அடி எவ்வாறு தாங்கும்? பனையினத் தாவரங்களின் அடிப்பகுதி நார்க்கலங்கள் நெடுங்காலம் உயிரோடிருந்து, தம் சுவரைத் தொடர்ந்து தடிப்பாக்கி இலிக்னின் ஏற்றுகின்றன என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. ‘வைரமேறுதல்’ என ஊரார் வழங்கும் சொல் இச்செயலையே குறிக்கின்றது. இளம் பனையின் சிலாகையை வேண்டாத தச்சர் வெறும் வழக்கத்தால் அவ்வாறு செய்தாரல்லர்.

வாழை இவ்விரண்டிலும் சேராதது. நாம் மரம் என்று கூறும் அதன் தண்டு ஒன்றையொன்று பொதிந்த இலைமடல்களின் சுருளே. அதற்கு நீரும் காற்றறைகளும் நார்களுமே துணை. 1964ஆம் ஆண்டுத் திசெம்பர்ப் புயலும், 2020ஆம் ஆண்டுத் திசெம்பரில் வந்த புரெவிப் புயலும் போன்றவை வடபகுதியைக் கடக்கும்போது முதலிற் சாய்வது வாழையாதல் இதனாலேயே. குலை முதிரும்போது அதற்குக் கப்பு நாட்டுவது, அது தானே ஆக்கிக்கொள்ளாத வன்மையை நாம் வெளியிலிருந்து கொடுப்பதாகும்.

அகக்காழுக்கும் புறக்காழுக்கும் இடையேயுள்ள பெரிய வேறுபாடு காயம்பட்ட காலத்திற் புலனாகும். பாலையின் பட்டையில் வெட்டு விழுந்தால், காயத்தின் விளிம்பிலுள்ள மாறிழையம் புதிய இழையத்தைப் பிறப்பித்து, ஆண்டாண்டாகப் புண்ணை மூடுகின்றது. இறுதியில் அதற்கு மேலும் காழ் படிந்து, காயம் மரத்தின் உள்ளே புதைந்துபோகின்றது. பனைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் உடலிற் பட்ட காயம் அது நிற்குமளவும் திறந்தே இருக்கும். உச்சியிலுள்ள ஒரே குருத்து அழிந்தால், கிளைத்து மீள அதற்கு வேறு மொட்டும் இல்லை.

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் பின் வன்னியிற் பயணஞ் செய்தோர், தலையிழந்து நின்ற பனைகளை வரிசை வரிசையாகக் கண்டனர். எறிகணையாற் குருத்தழிந்தவை அவை. நின்ற பனைகளுட் பல பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக முன்னரே தறிக்கப்பட்டன. குண்டையும் மண்ணையும் தாங்க அம்மரமே தக்கது என்று கண்டவர்கள் அதன் புறக்காழின் வன்மையைச் சரியாகவே அறிந்திருந்தனர். ஆனால் அவ்வன்மையை ஈட்ட ஒரு பனைக்கு ஓராயுள் வேண்டும். பனை காய்க்கவே பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு செல்லும். வளைக்கும் சிலாகைக்கும் உதவும் வைரம் ஏற மேலும் பல பத்தாண்டுகள் செல்லும். இன்று விதை ஊன்றுவோர் தம் பேரர்க்காகவே ஊன்றுகின்றனர்.

காட்டுப் பாலைக்கும் முதிரைக்கும் வேறொரு கேடு. காயத்தை ஆற்றவல்ல அவை வாளின் முன் ஆற்றலற்றவை. அவற்றின் வைரமே அவற்றுக்குப் பகை. வைரம் முதிர்ந்த மரத்தையே திருட்டுக் கோடரி தேடிச் செல்கின்றது. அடர்ந்த காழை இடும் மரம் மெல்லவே பருக்கும். ஒரு நாளில் வீழ்த்தப்பட்ட பாலையின் இடத்தை மற்றொரு பாலை நிரப்புவதைக் காண வீழ்த்தியவன் இரான்.

காற்றின் பயிற்சி

தாங்கும் இழையம் பரம்பரையால் மட்டும் அமைவதன்று, பயிற்சியாலும் அமையும். காற்றில் ஓயாது அசையும் செடி, காற்றில்லாத இடத்துச் செடியினுங் குட்டையாகவும் பருத்தும் வன்மை மிக்கும் வளர்கின்றது. அன்றாடம் தொட்டு அசைத்த செடியிலும் இதுவே நிகழும். மாக் யாபே என்னும் அமெரிக்க அறிஞர் 1973ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து இதற்கெனத் தனிப்பெயரும் இட்டார். சாய்ந்து வளரும் இருவித்திலை மரத்தின் மேற்பக்கத்தே தனியான இழுவைக் காழ் தோன்றி, அதனை மெல்ல நிமிர்த்துவதும் இத்தகையதே.

இதிலிருந்து மரம் நடுவோர் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. கன்றைக் கம்போடு அசையாதபடி இறுகக் கட்டுதல் தீது. வேர் ஊன்றும்வரை தளர்வாகக் கட்டி, அசைய விட்டு, பின்னர்க் கட்டை நீக்கிவிடல் வேண்டும். அசைவு அறியாத கன்று, கட்டு அவிழ்ந்த முதற் சோளகத்திலேயே சாய்ந்துவிடும்.

மாணாக்கர்க்குச் சில செய்முறைகள்

1. இளங் கீரைத்தண்டின் இரு துண்டுகளை எடுத்து, ஒன்றை நன்னீரிலும் மற்றொன்றைச் செறிந்த உப்புநீரிலும் ஒரு மணி நேரம் இடுக. முன்னது விறைத்தும் பின்னது துவண்டும் இருத்தலை நோக்கி, வீக்கவமுக்கத்தால் விளக்குக.

2. துளசித் தண்டின் மெல்லிய குறுக்குவெட்டுமுகத்தைச் சபிரனின் சாயத்தில் இட்டு நோக்குக. இலிக்னின் உள்ள காழ் சிவக்கும். கோணங்களிலுள்ள ஒட்டுக்கலவிழையத்தையும் காழையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுதுக.

3. கொய்யாப்பழத்தின் சதையிற் சிறிதை வழுக்கியில் நசித்து, புளோரோகுளூசினோலும் ஐதரோக்குளோரிக்கமிலமும் சில துளி இடுக. அமிலத்தை ஆசிரியர் முன்னிலையிலேயே கையாள்க. செந்நிறமாகும் கலத்திரள்களை வரைந்து, குழிக் கால்வாய்களைக் குறிக்க.

4. அப்பியாசக் கொப்பியின் தாளொன்றை இரு நூல்களின் மேல் பாலம்போல் இடுக, அது தொய்ந்துவிடும். அதே தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டி இடுக. பென்சில்கள் பலவற்றை அது தாங்கும். நெற்றாளின் கணுவிடையோடு ஒப்பிடுக.

5. நெற்றாள், பனஞ்சிலாகை, முதிரைத் துண்டு ஆகியவற்றின் வெட்டுமுகங்களைக் கைவில்லையால் நோக்கி, வன்மை புறத்ததோ அகத்ததோ எனத் தீர்மானிக்க.

முடிவுரை

வீக்கவமுக்கம், ஒட்டுக்கலவிழையம், வல்லுருக்கலவிழையம், காழ் என்னும் நான்கும் தாவரத்தைத் தாங்குகின்றன. இளமையில் நீரும், வளருங்காலத்தில் வளைந்து கொடுக்கும் உயிர்க்கலமும், முதிர்ந்தபின் வன்மையான இறந்த கலமும் அப்பொறுப்பை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கின்றன. பொருளின் அளவோடு, அது அமைந்த இடமும் அது முதிர்ந்த காலமும் சேர்ந்தே வன்மையைத் தீர்மானிக்கின்றன.

பழைய மாணவருள் வயலுடையோர் உளர், வளவுடையோரும் உளர். வயலுடையோர் அடுத்த போகத்தில் யூரியாப் பையை அவிழ்க்குமுன் நெற்றாளின் மெல்லிய வளையத்தை நினைப்பாராக. வளவுடையோர் வேலியோரத்துப் பனையில் ஆணி அறையுமுன், அப்புண் ஆறாது என்பதை நினைப்பாராக. ஆவணியிற் பனம்பழம் விழுங்காலத்தில் ஒவ்வொருவரும் பத்து விதை ஊன்றினால், இன்று கற்கும் மாணாக்கர் முதுமை எய்தும் நாளில் இரணைமடுவின் மேட்டு நிலங்களில் வைரமேறிய பனைகள் நிற்கும்.